வெள்ளி மூக்கு

மதுரையிலிருந்து திரும்பி வந்த நாள் முதல் கோகிலாவுக்கு வீட்டில் ஒரே இடம்தான். முன்னறையில் ஜன்னலோரக் கட்டில், முதுகுக்குப் பின்னால் அடுக்கி வைத்த தலையணைகள். நீட்டிப் படுக்கக் கூடாது, சாய்ந்துதான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குனியக் கூடாது. மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். அழக் கூடாது என்பதை டாக்டர் சொல்லவில்லை. அதை அம்மா சேர்த்துக்கொண்டாள்.

மூக்கின் மேல் ஓடு கவிழ்த்தது போல ஒரு கட்டு. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு கன்னத்திலும் பிளாஸ்திரி. கண்ணுக்குக் கீழே நாவல்பழ நிறத்தில் இருந்த வீக்கம் மெல்ல மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. வாயால் மூச்சு விட்டு விட்டு நாக்கு காய்ந்து அட்டை மாதிரி கிடந்தது. வலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வலித்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றும். வலிக்கிற ஆளுக்கு ஒரு நியாயம் உண்டு. இது வெறும் அலுப்பு. எழுந்தால் அலுப்பு, உட்கார்ந்தால் அலுப்பு, யாராவது எப்படி இருக்கிறது என்று கேட்டால் அதைவிட அலுப்பு.

ஏனென்றால் அவளுக்கு எந்த நோயும் இருக்கவில்லை. மூச்சு நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. மூக்கின் அமைப்பு பிடிக்கவில்லை, மாற்றிக்கொண்டாள். அது அவளுக்கும் அம்மா சுந்தரம்மாளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அப்பா தங்கப்பழத்திடம், மூக்குத்தண்டு வளைந்திருக்கிறது, மூச்சு அடைக்கிறது, ஆபரேஷன் செய்யாமல் விட்டால் பின்னால் தொந்தரவு என்று சொல்லிவிட்டு, தறியைப் பார்த்துக்கொள்ள அவரை விட்டுவிட்டு, இரண்டு பேர் மட்டும் போய்வந்திருந்தார்கள்.

அவரிடம் உண்மையைச் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் அவர் முகத்தின் நடுவிலேயே இருந்தது. பாதியில் மேடாக எழும்பி, பிறகு வளைந்து இறங்கும் மூக்கு. தெருவில் இரண்டு தங்கப்பழம் உண்டு. இவர் கிளிமூக்குத் தங்கப்பழம். அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. சேலை வியாபாரி யாராவது புதிதாக வழி கேட்டால், "தெருமுனையில நின்னு கிளிமூக்கன் வீடு எதுன்னு கேளும், சின்னப் பிள்ளகூடக் காட்டிக் குடுக்கும்" என்பார். கோகிலா பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்தவர், "என் மூக்குலா" என்று நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாராம். கல்யாண வீடு, சடங்கு வீடு என்று எங்கே சொந்தக்காரர்கள் கூடினாலும் அந்தக் கதை வந்துவிடும். அவளும் நின்று கேட்பாள்.

அந்த மூக்கு தனக்கு எப்போது ஆகாமல் போனது என்று கோகிலா யோசித்துப் பார்த்தால் சரியான பதில் கிடைப்பதில்லை. பெண் பார்க்க வந்த வாசுதேவநல்லூர்க்காரர்கள், "பிள்ளை நல்ல பிள்ளைதான், மூக்கு மட்டும் ஆளுக்கு முந்தி வருது" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அதுதான் காரணம் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மாவும் அதனால்தான் சம்மதித்தாள். ஆனால் அதற்கு முன்பே ஒன்று நடந்திருந்தது. ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை முடிந்ததும் அவள் சாயங்கால ஆங்கில வகுப்புக்குப் போவாள். அங்கே எபினேசர் சார், ஒவ்வொருவரும் எழுந்து நின்று பேசுவதை செல்போனில் படம்பிடித்துப் போட்டுக் காட்டுவார், அவரவர் தப்பை அவரவரே கண்டுபிடிக்கட்டும் என்று. பக்கவாட்டில் நின்று பேசுகிற தன்னை அன்றுதான் கோகிலா முதன்முதலாகப் பார்த்தாள். மற்றவர்கள் அவளுடைய ஆங்கிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் காதில் ஒரு வார்த்தையும் விழவில்லை. இரண்டில் எது காரணம், அல்லது இரண்டுமே சாக்குத்தானா என்று இப்போது சாய்ந்து கிடக்கையில் திரும்பத் திரும்ப யோசித்தாள். யோசித்து ஒரு முடிவுக்கு வருவதற்குள் கண் அசந்துவிடும்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அப்பாவின் விசைத்தறிகள் இருந்தன. மகள் வந்து இறங்கிய அன்றே அவற்றை நிறுத்திவிட்டார். "பஞ்சு பறக்கும். மூக்குப் புண்ணுல போய் உக்காந்துரும்" என்றார். நெய்துகொண்டிருந்த சேலை பாதியில் நின்றது. தெரு முழுக்கத் தறிச்சத்தம் ஓடிக்கொண்டிருக்க, இவர்கள் வீடு மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி இருந்தது.

தறி ஓடாத மனிதருக்குப் பகலெல்லாம் கை சும்மா. அவர் மகளைக் கவனிக்க ஆரம்பித்தார். உப்புக் குறைத்த கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுத்தார். மாத்திரை நேரத்தை மனப்பாடம் செய்தார். காலையில் குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் கொண்டுவந்தார். சங்கரன்கோவிலில் பிறந்தவர்களுக்குப் புற்றுமண் மாத்திரைக்கு முந்தின மருந்து. கட்டியோ, சொறியோ, காய்ச்சலோ, குழைத்துப் பூசிவிட்டுத்தான் மற்றது.

"கட்டு மேல லேசாப் பூசுதேன் மக்கா. அதுபாட்டுக்கு உள்ள இறங்கிரும்."

"நனையக் கூடாதுப்பா."

"அப்ப நெத்தியில."

நெற்றியில் பூசிவிட்டு, அது மூக்குக்கு வழிகண்டு போகிறதா என்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கோகிலா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

மகளைக் கவனித்து முடித்ததும் அவர் தன் மூக்கைக் கவனிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கத்தை விரலால் அடைத்துக்கொண்டு மறுபக்கம் இழுத்துப் பார்ப்பார். பிறகு பக்கத்தை மாற்றுவார்.

"ஏளா, எனக்கும் இடது பக்கம் அடைக்கத்தான செய்யுது" என்றார் சமையலறையைப் பார்த்து.

"சளி பிடிச்சிருக்கும்" என்றாள் சுந்தரம்மாள்.

"சளியில்ல. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான். குறட்டை விட்டா எதுத்த வீட்டுக்காரன் வந்து கதவத் தட்டுவான். எல்லாம் இந்த மூக்கு செஞ்ச வேலை. நாங்கதான் பிள்ளைக்குக் குடுத்துருக்கோம். பெருமையா வேற சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

அவர் அதோடு நிறுத்தவில்லை. பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை சங்கரம்மாளிடமும் போய்ச் சொல்லிவிட்டார். அவளுக்கும் அதே மூக்கு. அவள் ஒரு தூக்குச்சட்டியில் இடியாப்பத்தை எடுத்துக்கொண்டு, வரும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"யண்ணன் சொல்லுதான், நம்ம வீட்டு மூக்கே சீக்கு மூக்காம்லா மதினி. எனக்கும் மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது."

"மாடிப்படி ஏறுனா எல்லாருக்கும்தான் வாங்கும்" என்றாள் சுந்தரம்மாள்.

"உங்களுக்கு வாங்குதா?"

"வாங்கத்தான் செய்யுது."

"உங்களுது சப்பை மூக்கு. அதுக்கே வாங்குதுன்னா என் கதிய நினைச்சுப் பாருங்க."

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. அத்தை கட்டிலருகே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, முதல்ல உனக்கு எப்படித் தெரிஞ்சுது? நடந்தா முட்டுச்சா, படுத்தா முட்டுச்சா?" என்று கேட்டாள். கோகிலா தொண்டையைக் காட்டி, பேச முடியவில்லை என்று சைகை செய்தாள். அதற்கும் அத்தை அழுதாள்.

அன்றைக்குத்தான் அப்பா அந்த யோசனையைச் சொன்னார். "கட்டுப் பிரிக்க மதுரைக்குப் போறோம்லா. நானும் வந்து அந்த டாக்டர்கிட்டயே காட்டிருதேன். ஒரே வீட்டு மூக்கு. என்னப் பாத்த உடனே அவருக்கு விளங்கிரும். எனக்கும் அறுக்கணும்னா அறுத்துக்கிடுதேன். இருக்கப்பட்ட காலத்துக்காவது நல்லா மூச்சு விட்டுட்டுப் போறேன்."

அவர் தங்கையைக் கொண்டுபோய் விடக் கிளம்பினதும் கோகிலா அம்மாவைக் கூப்பிட்டாள்.

"டாக்டர் உள்ளதச் சொல்லிருவாரும்மா."

"நான் அந்த நர்ஸுக்குப் போன் பண்ணிச் சொல்லி வைக்கேன். பெரியவருக்கு விவரம் தெரியாது, பாத்துப் பேசுங்கன்னு."

"அப்பா மூக்க அறுக்கேங்காரும்மா."

"வேண்டாம்னு டாக்டர் சொன்னா அதோட சரியாப் போச்சு."

"நானே சொல்லிருதேனே."

சுந்தரம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ சொல்லிட்டுப் பாரத்த இறக்கி வச்சிருவ. நாளைக்கு முகம் மழிக்கையில கண்ணாடியில அந்த மூக்கப் பாக்கப்போறது அவருலா."

அம்மா சொல்வது சரிதான். டாக்டர் வாயிலிருந்து, நர்ஸ்கள் நிற்கும்போது, அவர் தெரிந்துகொள்வதும் சரியில்லை. கோகிலா இரண்டையும் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வேறு தட்டு இறங்கியது. சொல்லிவிட்டால் அப்பா இனிமேல் தன்னிடம் எப்படி இருப்பார் என்று நினைக்கையில் எல்லாத் தட்டும் ஒன்றாகக் கவிழ்ந்தது. புற்றுமண் பூசின அந்தக் கை மறுபடி வருமா என்பது ஒன்றுதான் கேள்வி. அதைச் சுற்றித்தான் மற்ற யோசனையெல்லாம்.

மதுரைக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம், அப்பா வெயிலில் வேர்த்து வழிந்து வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து நகைக்கடை ரோஸ் தாளில் மடித்த பொட்டலத்தை எடுத்தார்.

உடம்பில் எந்த உறுப்புக்கு நோவோ அந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கி, நேர்ந்துகொண்டு, உண்டியலில் போடுவது அந்த ஊர் வழக்கம். கோவில் வாசல் கடைகளில் கண், கை, கால், முழு முகம் எல்லாம் கிடைக்கும். வீட்டில் பாம்பு தேள் வராமலிருக்கப் பாம்பும் தேளும்கூடக் கிடைக்கும்.

"மூக்கு மட்டும் கிடையாதுங்கான்" என்றார் அப்பா. "எல்லாக் கடையிலயும் கேட்டாச்சு. முகம் வாங்கிப் போடும் அண்ணாச்சி, அதுலயே மூக்கும் இருக்குலாங்கான் ஒருத்தன். எனக்கு மனசு ஒப்பல. முகத்துக்கு நோவுன்னு அம்மன் எடுத்துக்கிட்டா என்ன செய்ய? நோவு எங்கனன்னு தெளிவாச் சொல்லணும்லா."

"பெறவு?" என்றாள் கோகிலா.

"ஆசாரிகிட்டப் போய் அடிச்சுத் தாரும்னேன். மாதிரி வேணும்னான். இந்தா இதான் மாதிரி, என் மவளுக்கும் இதே மூக்குதான், அளவு எடுத்துக்கோன்னு மூஞ்சிய நீட்டிட்டேன். மெழுக உருட்டி அமுக்கிட்டான் மக்கா. மீசையில ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. இந்த மூக்குக்குத் தகடு பத்தாது போலுக்கேன்னு நக்கல் வேற."

அவர் சிரித்தார். மகள் வந்து படுத்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

கோகிலா தாளைப் பிரித்து அதை உள்ளங்கையில் வைத்தாள். கனமே இல்லை. ஆனால் ஆசாரி ஒன்றையும் விடவில்லை. நடுவில் எழும்பின மேடு, நுனியின் வளைவு, இடது நாசி வலதைவிடக் கொஞ்சம் அகன்றிருப்பதுகூட. அது அப்பாவின் மூக்கு. அவளுடையதும்தான். மதுரையில் டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் அவள் படத்தைப் போட்டு, அந்த மேட்டை மட்டும் அழித்துக் காட்டி, "இந்த அளவு போதுமா, இன்னும் குறைக்கணுமா?" என்று கேட்டிருந்தார். கொஞ்சம் இன்னும் குறையுங்கள் என்று சொன்னது அவள்தான்.

"ரெண்டு கையாலயும் தொட்டுக் குடு மக்கா. தலையச் சுத்தி எடுத்துட்டுப் போய்ச் சாயங்காலம் போட்டுட்டு வந்துருதேன். என் பிள்ளைக்கு இனிமே மூச்சு முட்டக் கூடாது. அது ஒண்ணுதான் கேட்டுருக்கேன்."

சமையலறை வாசலில் நின்ற சுந்தரம்மாள், வேண்டாம் என்று தலையை அசைத்தாள். கோகிலா அதைப் பார்த்தாள். அம்மாவை மீறுவதற்கு அவளிடம் தெம்பில்லை. பொய்யை இதற்கு மேல் தூக்கிப் பிடிக்கவும் தெம்பில்லை. எது லேசோ அதைத்தான் செய்தோம், தைரியம் என்று அதைச் சொல்லிக்கொள்ள முடியாது என்று பின்னால் நினைத்துக்கொண்டாள்.

"யப்பா, எனக்கு மூச்சு முட்டல."

"இப்ப எப்படி முட்டும்? அதான் சரி பண்ணியாச்சே."

"முன்னாடியும் முட்டல. எப்பவும் முட்டல. நான் பொய் சொன்னேன்."

அவர் அவளையே பார்த்தார்.

"நோவு இல்லையா?"

"இல்ல."

"தண்டு வளைவு?"

"அப்படி ஒண்ணும் இல்லப்பா."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கும் ஒண்ணும் இல்ல. அத்தைக்கும் இல்ல."

அவர் நீளமாக மூச்சை விட்டார். "சங்கரா" என்று சொல்லிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பிள்ளைக்கு நோயைக் கொடுத்துவிட்டோம் என்று சுமந்துகொண்டிருந்தது இறங்குவது அவர் தோளிலேயே தெரிந்தது. முகம்கூடத் தெளிந்துவிட்டது. பிறகுதான், பஸ் ஏறின பிறகு பை ஞாபகம் வந்தவர் மாதிரித் திரும்பினார்.

"பின்ன எதுக்கு அறுத்த?"

இந்தக் கேள்விக்கு அவள் எத்தனையோ பதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். வந்தது அதில் இல்லாத ஒன்று.

"நல்லாயில்லப்பா" என்றாள். மூக்கடைத்த குரலில் அது கேலி செய்வது போலக் கேட்டது. அதனால் இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. "எனக்கு நல்லாயில்லன்னு தோணுச்சு. மாத்திக்கிட்டேன்."

அவர் கை, இத்தனை நாள் பழக்கத்தில், மூக்கைப் பிடித்துப் பார்க்க எழும்பியது. பாதியில் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தது.

"அந்த வாசுதேவநல்லூர்க்காரன் சொன்னதுக்கா?"

"அதுவும்தான்."

"அவன் பல்லப் பாத்தியா நீ" என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவில்லை. "உங்க அம்மைக்குத் தெரியுமா?"

சுந்தரம்மாள் உள்ளே வந்தாள். "தெரியும். நான்தான் சொல்ல வேண்டாம்னேன்."

"ஏன்?"

"இப்படி உக்காந்திருப்பீகன்னுதான்."

கோகிலாவின் கையில் அந்த வெள்ளி இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத என்ன செய்ய?" என்றார்.

"நேந்தது நேந்ததுதான். கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க" என்றாள் சுந்தரம்மாள்.

அவர் வாங்கிக்கொண்டார். பழைய மடிப்பிலேயே தாளை மடித்தார். அவள் தலையைச் சுற்றி எடுக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

"போதுமா?" என்றாள் அம்மா. அதில் கோபம் இல்லை. கேட்டுவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போனாள்.

கோகிலா சாய்ந்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஆகவில்லை. சொன்னது சரிதானா, சொன்ன விதம் சரியா, 'நல்லாயில்ல' என்ற வார்த்தையை விட்டு வேறு வார்த்தை போட்டிருக்கலாமா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். வேறு வார்த்தை கிடைக்கவில்லை. தெரு விளக்கு எரிந்தது. கோவிலுக்குப் போனவர்கள் நெற்றியில் திருநீறோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவரைக் காணவில்லை.

வந்தபோது வாசல் குழாயில் வெகுநேரம் கால் கழுவினார். உள்ளே வந்து, அம்மாவிடம் சொல்வது போலச் சொன்னார்.

"சங்கரம்மா வீட்டுக்கும் போய்ட்டு வாரேன். நமக்கெல்லாம் ஒண்ணும் இல்ல, பயப்படாதன்னு சொல்லியாச்சு."

"காரணம் கேட்டிருப்பாளே" என்றாள் சுந்தரம்மாள்.

"டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டோம், வளைவு பிள்ளைக்கு மட்டும்தானாம்னு சொன்னேன்."

கோகிலா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தகடு?" என்றாள் அம்மா.

"போட்டாச்சு."

"என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று கோகிலா கேட்டாள்.

"பின்னாடி நிக்கவன் நெருக்குதான். ஒண்ணும் தோணல. உண்டியல்ல விட்டுட்டு வந்துட்டேன்."

சாப்பிட உட்கார்ந்தார். இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிர வாய்க்குப் போனது கொஞ்சம்தான். விடிந்ததும் கார் வந்துவிடும், வெந்நீர் போட்டு வைக்க வேண்டும் என்று சுந்தரம்மாள் சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றார். "நான் வந்து என்ன காட்ட? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

"நீங்களும் வாங்கப்பா."

"எதுக்கு?"

"கட்டப் பிரிக்கையில இருங்க."

அவர் கை கழுவிவிட்டு வந்து கட்டிலருகே நின்றார். அவள் முகத்தில் கட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"பிரிச்ச உடனே எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பீக" என்றார். "எனக்கு மறைக்கத் தெரியாது. அந்நேரம் என்ன சொல்லணும்னு இப்பவே சொல்லிரு."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்பா. முதல்ல வீங்கித்தான் இருக்குமாம். எப்படின்னு எனக்கே தெரியாது."

"வீக்கம் எப்ப வத்துமாம்?"

"மாசக்கணக்குல ஆகுமாம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் வடிவு தெரியுமாம்."

அவர் அதை யோசித்தார்.

"அப்ப மெதுவாப் பாத்துக்கிடலாம்" என்றார். பிறகு, காலையில் கட்டிக்கொண்டு போக வெளுத்த வேட்டி இருக்கிறதா என்று சுந்தரம்மாளிடம் கேட்டார்.